ஒரே மாதிரி இரண்டு கேபிள்

வானொலியில் வேலை செய்கிறேன் என்றாலே நம் வீடுகளில் ஒரு கூடுதல் பொறுப்பு தானாக வந்துவிடும். திருமணமோ, பிறந்தநாள் விழாவோ, "மைக்கை அவகிட்ட குடுங்க, அவளுக்குத்தான் சவுண்டு தெரியும்" என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஊடகத் துறையில் பட்டம், பத்து ஆண்டுகளாக ஒலிபரப்புக் கூடத்தில் வேலை, வார இறுதிகளில் நண்பர்களின் இசைக்குழுவில் கிட்டார். ஒலியைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கப் போகிறது?

அந்த நம்பிக்கை, கிள்ளானில் ஒரு திருமண விருந்தில், சொந்தபந்தம் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கருகிப் போனது. கருகியது என் நம்பிக்கை மட்டுமல்ல, பெரியப்பாவின் ஆம்ப்ளிஃபையரும்தான்.

பெரியப்பா 80-களில் தோட்டத்து நண்பர்களோடு ஓர் இசைக்குழு வைத்திருந்தவர். செம்பனை ஆலைச் சம்பளத்தில் மாதாமாதம் மிச்சம் பிடித்து, பழையதாக வாங்கிய 50 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர் அது. அந்தக் குழுவில் இன்று அவர் ஒருவர்தான் மிச்சம். பக்கவாதம் வந்த பிறகு அவருடைய இடது கை விரல்கள் கம்பியை அழுத்த மறுக்கின்றன. ஆனாலும் வாரம் ஒருமுறை துணியை எடுத்துத் தூசு துடைப்பார். அவருடைய கடைசி மகளுக்குக் கல்யாணம் முடிவானபோது என்னிடம் ஒன்றுதான் கேட்டார். விருந்தில் ஒரே ஒரு பாட்டாவது அந்த ஆம்ப்ளிஃபையரில் வாசிக்க வேண்டும்.

"பத்திரமா கொண்டு போம்மா. பின்னாடி வயரு சுத்தி வச்சிருக்கேன், அதையும் எடுத்துக்க."

அந்த வயரைப் பார்த்தேன். சாம்பல் நிறம், விறைத்த உடம்பு, நடுவில் கறுப்பு டேப். மேடையில் அதைப் போட்டால் அசிங்கமாக இருக்குமே என்று தோன்றியது. என்னிடம் 180 வெள்ளி கொடுத்து வாங்கிய கிட்டார் கேபிள் இருந்தது. இரண்டு பக்கமும் அதே 6.35 மில்லிமீட்டர் பிளக். செருகிப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. பெரியப்பாவின் வயரை அங்கேயே விட்டுவிட்டேன்.

மண்டபத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் வைத்தோம். ஆம்ப்ளிஃபையரிலிருந்து முதல் பெட்டிக்கு என் கேபிள், அங்கிருந்து இரண்டாவது பெட்டிக்கு நண்பரின் கேபிள். ஒவ்வொரு பெட்டியின் பின்னாலும் '8 ஓம்' என்று எழுதியிருந்தது. ஆம்ப்ளிஃபையரின் பின்னால் 4, 8, 16 என்று ஒரு திருகி. எட்டும் எட்டும் பதினாறு, முதலாம் ஆண்டுக் கணக்கு. 16-இல் வைத்தேன்.

இருபது நிமிடம் அருமையாகப் போனது. பெரியப்பா கேட்ட பாட்டு வந்தது. பாதியில் ஒரு கரகரப்பு, அப்புறம் அமைதி. கிட்டாரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, சத்தத்தைக் கூட்டி, இன்னும் ஓங்கி வாசித்தேன். சில விநாடிகளில் கருகல் வாடை வந்தது. கீபோர்டு நண்பர் எப்படியோ பாட்டை முடித்து வைத்தார். முன்வரிசை மேசையில் இருந்த பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிளக்கைத் திறந்து காட்டியவர்

அடுத்த வாரம் அதைத் தூக்கிக்கொண்டு கோலாலம்பூர் புடுவில் உள்ள ஜாலான் பாசாருக்குப் போனேன். மின்னணுப் பொருள்களுக்குப் பேர்போன தெரு அது. பழுது பார்க்கும் பெரியவர் ஆம்ப்ளிஃபையரைத் தொடவே இல்லை. "எந்தக் கேபிள் போட்டாய், அதைக் காட்டு" என்று மலாயில் கேட்டார். பிளக்கைத் திருகிக் கழற்றி என் கண் முன்னால் நீட்டினார். நடுவில் தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பி இழைகள், ஈயப் பற்று விட்டுப்போய்த் தொங்கின. அதைச் சுற்றி வலை மாதிரி இன்னொரு கம்பி.

கிட்டாரிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகச் சிறியது, பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அது வரும் வழியில் விளக்கு, மின்விசிறி என்று சுற்றியிருக்கும் எல்லாவற்றின் இரைச்சலும் தொற்றிக்கொள்ளும். அதனால்தான் கிட்டார் கேபிளில் நடுக்கம்பியைச் சுற்றி அந்த வலைக் கவசம். நடுக்கம்பி மெல்லியதாக இருந்தாலே போதும்.

ஸ்பீக்கருக்குப் போவது வேறு கதை. 50 வாட் ஆம்ப்ளிஃபையர் 8 ஓம் பெட்டியை ஓட்டும்போது ஏறக்குறைய 2.5 ஆம்பியர் ஓடும். 4 ஓம் என்றால் 3.5. இதற்குக் கவசம் தேவையில்லை, தடித்த இரண்டு செப்புக் கம்பிகள் தேவை. என் கேபிளில் ஸ்பீக்கரை ஓட்டியது, பானம் உறிஞ்சும் குழலில் தீயணைப்பு வண்டித் தண்ணீரை விட்டதற்குச் சமம். கம்பி சூடேறி, பற்று இளகி, தொடர்பு அறுந்தது.

அறுந்தால் சத்தம் நிற்கும், அவ்வளவுதானே என்றேன். வால்வு ஆம்ப்ளிஃபையரில் அப்படி இல்லையாம். வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு மின்மாற்றி இருக்கிறது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் வாசித்தால் சக்தி போக இடமில்லாமல் மின்மாற்றியில் மின்னழுத்தம் எகிறும். அது கம்பிச் சுற்றின் மேல்பூச்சைத் துளைத்துவிடும். நான் சத்தத்தைக் கூட்டி ஓங்கி வாசித்த அந்தச் சில விநாடிகள்தான் அதைக் கொன்றன.

எட்டும் எட்டும் நான்கு

"திருகியை எதில் வைத்தாய்?" என்றார் அடுத்து. பதினாறு என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஓம் என்பது மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் மறுப்பை அளக்கும் அலகு. இம்பீடன்ஸ் என்பதும் மின்மறுப்பு என்பதும் அந்த மறுப்பைத்தான். நம் நெடுஞ்சாலை டோல் சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சாலையில் அடுத்தடுத்து இரண்டு சாவடி இருந்தால் தாமதம் இரட்டிப்பாகும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சாவடி திறந்தால் தாமதம் பாதியாகும். முதல் பெட்டியிலிருந்து இரண்டாவது பெட்டிக்குக் கேபிள் போட்டதும் அடுத்தடுத்து என்று நினைத்தேன். ஆனால் பெரும்பாலான பெட்டிகளில் அந்த இரண்டு துளைகளும் உள்ளே பக்கவாட்டில்தான் இணைந்திருக்கும். ஆகவே இரண்டு 8 ஓம் பெட்டி சேர்ந்தால் 4 ஓம். இரண்டு 16 ஓம் சேர்ந்தால் 8.

நான் வைத்ததோ 16. வால்வுகள் தாங்க வேண்டியதைவிட அதிகமாக உழைத்துத் திணறிக்கொண்டிருந்தன. கேபிள் அறுந்தது கடைசி அடி.

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையருக்கு விதி கொஞ்சம் வேறு. அதில் குறைந்தபட்ச ஓம் என்று ஓர் எண் எழுதியிருக்கும். அதற்குக் கீழே போகக் கூடாது. மேலே போனால் சத்தம் குறையும், ஆபத்தில்லை. வால்வுக்கு அப்படிச் சலுகை எடுக்காமல் எண்ணைச் சரியாகப் பொருத்துவதே நல்லது.

வீட்டில் கிட்டார் பழகும் பிள்ளைகள் இருந்தால், பெரியவர் எனக்குச் சொன்ன சில விஷயங்களை அவர்களிடமும் சொல்லி வையுங்கள். சந்தேகமான கேபிளின் பிளக்கைத் திறந்து பாருங்கள். ஒரே தடிப்பில் இரண்டு கம்பி இருந்தால் ஸ்பீக்கருக்கு, வலைக் கவசம் இருந்தால் கிட்டாருக்கு. மாற்றி ஸ்பீக்கர் கேபிளைக் கிட்டாரில் செருகினால் 'உம்' என்று இரையும், எதுவும் கெடாது. ஸ்பீக்கர் கேபிளுக்கு விலை முக்கியமல்ல, தடிப்பும் நீளமும்தான் முக்கியம். ஒன்றிரண்டு மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் சாதாரண செப்புக் கம்பி தாராளம். பெட்டியில் எண் அழிந்திருந்தால் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 8 ஓம் பெட்டி ஆறு, ஏழு என்று காட்டும், 16 ஓம் பெட்டி பன்னிரண்டு, பதின்மூன்று. முதலில் ஸ்பீக்கரை இணைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபையரைத் தயவுசெய்து நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

புதிய மின்மாற்றிக்கும் வால்வுகளுக்கும் 900 வெள்ளி ஆனது. பணம் பெரிதாகத் தெரியவில்லை. பெரியப்பா வீட்டு வாசலில் நின்றதுதான் கஷ்டமாக இருந்தது. கேபிளையும் சொன்னேன், திருகியையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"வயர எடுத்துக்கன்னு மட்டும்தானே சொன்னேன். அது எதுக்குன்னு நான் சொல்லலையேம்மா."

"நானும் கேக்கலையே பெரியப்பா."

ஒலிபரப்புக் கூடத்தில் கேபிள்களைக் கவனிக்கத் தொழில்நுட்பர்கள் இருக்கிறார்கள். என் வேலை மைக்கின் முன்னால் முடிந்துவிடுகிறது. மைக்கின் பின்னால் நடப்பதும் எனக்குத் தெரியும் என்று நானே எடுத்துக்கொண்டேன். சவுண்டு தெரிந்தவள் என்று எல்லாரும் சொல்லும்போது, "பெரியப்பா, இந்த வயரு ஏன் இவ்வளவு தடிப்பு?" என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தால், அந்தக் குழுவில் மிச்சமிருக்கும் ஒரே ஆள், யாரும் கேட்காத ஒரு விஷயத்தைச் சந்தோஷமாகச் சொல்லிக் கொடுத்திருப்பார்.

இப்போது சொல்லித் தருகிறார். இரண்டாவது பெட்டிக்கு ஒரு கேபிளை நாங்கள் இருவரும் சேர்ந்தே செய்தோம். அவர் வலது கையில் ஈயக் கம்பியைப் பிடித்துக்கொண்டார், நான் பற்று வைத்தேன். இரண்டு முனையிலும் வெள்ளை டேப் ஒட்டி 'ஸ்பீக்கர்' என்று தமிழில் எழுதினார். ஆம்ப்ளிஃபையரின் குரல் முன்பு இருந்தது போல் இல்லை, கொஞ்சம் கூர்மையாகிவிட்டது. எனக்குத் தெரிகிறது. அவருக்குத் தெரியாமல் இருக்காது.

தீபாவளி அன்று மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். பாதியில் நின்ற பாட்டை வாசிக்கச் சொன்னார். நான் சுவிட்சில் கை வைத்தேன்.

"இரு. எத்தன ஓம்?"

"ரெண்டு எட்டு, பக்கத்துல பக்கத்துல. நாலு, பெரியப்பா."

பின்னால் குனிந்து திருகியைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ம், போடு."