எவரெஸ்டுக்குப் போன அம்மா

காத்மாண்டுவிலிருந்து குட்டி விமானத்தில் ஏறினால் சுமார் அரை மணியில் லுக்லா. மலைச்சரிவை ஒட்டிச் சாய்வாக ஒரு சின்ன ஓடுபாதை. அதற்கு மேல் நடராஜா சர்வீஸ்தான்! பாலங்களைத் தாண்டி, பைன் மரக் காட்டுக்குள் ஏறினால் 3,440 மீட்டர் உயரத்தில் நாம்சே பஜார் வருகிறது. நம் ஊட்டி தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன். அங்கே போனதும் பலருக்குத் தலைவலி, பசியின்மை. அதனால் ஒரு நாளாவது தங்கி, உடம்பை அந்தக் காற்றுக்குப் பழக்கிக்கொண்ட பிறகே மேலே நடக்கிறார்கள். தெங்போச்சே புத்த மடத்தைத் தாண்டி, ஐயாயிரம் மீட்டருக்கு மேலே எவரெஸ்டின் அடிவார முகாம். அதற்கப்புறம் கும்பு பனிவீழ்ச்சி. அசைந்துகொண்டே இருக்கும் பனிக்கட்டி ஆறு அது. பிளவுகளின் மேல் ஏணியைப் படுக்கவைத்துத்தான் கடக்க வேண்டும்.

இந்த இடத்துக்கு 1975-ல் ஜப்பானிலிருந்து பதினைந்து பெண்கள் கிளம்பி வந்தார்கள். துணைத் தலைவி ஜுன்கோ தபேய், முப்பத்தைந்து வயது. வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை!

பணத்துக்கு எங்கே போவது?

சின்ன வயதில் நோஞ்சான் என்று பெயர் வாங்கியவர் ஜுன்கோ. பத்து வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துப் போன மலைதான் அவருக்கு முதல் மலை. 1969-ல் பெண்களுக்கென்றே ஒரு மலையேறும் சங்கம் ஆரம்பித்தார். மறு வருஷமே அன்னபூர்ணா மூன்றாம் சிகரத்தைத் தொட்டாயிற்று. அடுத்தது எவரெஸ்ட். ஆனால் நேபாள அரசு ஒரு பருவத்துக்கு ஒரு குழுவைத்தான் அனுமதித்த காலம் அது. விண்ணப்பம் போட்டுவிட்டு நாலு வருஷம் காத்திருந்தார்கள்.

அந்த நாலு வருஷமும் சும்மா இருக்க முடியுமா? கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்கள். கிடைத்த பதில், "பிள்ளையை வளர்க்கிற வேலையைப் பாருங்கள்!" கடைசி நேரத்தில் ஒரு செய்தித்தாளும் ஒரு தொலைக்காட்சி நிறுவனமும் கை கொடுத்தன. அப்படியும் தலைக்குப் பதினைந்து லட்சம் யென் துண்டு விழுந்தது. கிட்டத்தட்ட ஒரு வருஷச் சம்பளம். ஜுன்கோ வீட்டில் பியானோ சொல்லிக்கொடுத்துச் சேர்த்தார்.

அடுத்து அவர்கள் செய்ததைக் கேட்டால் நம் வீட்டுப் பாட்டிமார்கூட சபாஷ் போடுவார்கள். பழைய கார் இருக்கைகளின் உறையைப் பிரித்து, தண்ணீர் புகாத பைகளும் மேல் கையுறைகளும் தைத்தார்கள். சீனாவிலிருந்து வாத்து இறகு வாங்கித் தூங்கும் பைகளைத் தாங்களே தயாரித்தார்கள். குழுவில் ஆசிரியைகளும் இருந்தார்கள் இல்லையா? பள்ளிப் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டில் மிச்சமான ஜாம் பொட்டலங்களைச் சேர்த்துத் தங்கள் டீச்சருக்குக் கொடுத்தார்களாம். எவரெஸ்டுக்குப் போன ஜாம்!

பனிக்கு அடியில் ஆறு நிமிஷம்

மே 4. சுமார் 6,300 மீட்டர் உயரத்தில் கூடாரத்தில் படுத்திருந்தபோது பனிச்சரிவு வந்து மூடியது. ஜுன்கோ உள்ளே புதைந்து நினைவிழந்தார். ஆறு நிமிஷம்போல ஆயிற்று, ஷெர்பா ஒருவர் தோண்டி வெளியே இழுக்க. உடம்பெல்லாம் அடி. நடக்கவே இரண்டு நாள் பிடித்தது. ஆனால் ஒருவர் உயிருக்கும் சேதமில்லை. அது தெரிந்ததும், திரும்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

உச்சிக்கு இரண்டு பெண்களை அனுப்புவதாகத்தான் திட்டம். ஷெர்பாக்கள் பலர் உயர நோயில் படுத்துவிட, இரண்டு பேருக்குப் போதுமான பிராணவாயு சிலிண்டர்களை மேலே சேர்க்க முடியவில்லை. ஒருத்தர்தான் போகலாம். நாலு வருஷம் ஒன்றாகத் தைத்து, ஒன்றாகச் சேமித்தவர்களில் யார்? தலைவி எய்கோ ஹிசானோ, ஜுன்கோவைத் தேர்ந்தெடுத்தார். மற்றவர்கள் வழிவிட்டார்கள். அந்த மனசுக்கு உச்சியைவிட உயரம் அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உச்சிக்குச் சற்று முன்னால் கத்தி முனை மாதிரி ஒரு பனி விளிம்பு. முன்னே போனவர்கள் யாரும் அதைப் பற்றி எழுதி வைக்கவில்லை. உடம்பின் மேல் பாதி சீனப் பக்கம், கீழ்ப் பாதி நேபாளப் பக்கம் என்று பக்கவாட்டில் ஊர்ந்தே கடந்தார். பனிச்சரிவு நடந்த பன்னிரண்டாம் நாள், 1975 மே 16, ஆங் செரிங் ஷெர்பாவோடு உச்சியில் நின்றார். எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் பெண்! பதினோரு நாள் கழித்து மறுபக்கம் வழியாக ஏறிய திபெத்தியப் பெண் பாந்தோக்கும் குழந்தை பெற்ற தாய்தான். நம் பச்சேந்திரி பால் ஏறியது 1984-ல்.

ஜுன்கோவோ, 'முதல் பெண்' என்பதைவிட 'முப்பத்தாறாவது ஆள்' என்று சொன்னால் போதும் என்பாராம். 1992-க்குள் ஏழு கண்டங்களின் உயர்ந்த சிகரங்களையும் முடித்துவிட்டார். பிற்காலத்தில் எவரெஸ்டில் சேரும் குப்பையைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். 2011-ல் பூகம்பமும் ஆழிப்பேரலையும் தாக்கிய வடகிழக்கு ஜப்பானின் பள்ளிப் பிள்ளைகளை ஃபூஜி மலைக்கு அழைத்துப் போனார். புற்றுநோய் வந்த பிறகும் நிறுத்தவில்லை. 2016-ல் எழுபத்தேழாவது வயதில் மறைந்தார்.

எவரெஸ்ட் நமக்கு வேண்டாம், சரி. பக்கத்து மலைக்கு நாலு தோழிகள் சேர்ந்து போகலாமே? மாதம் இவ்வளவு என்று ஒரு உண்டியல், போகுமுன் டாக்டரிடம் ஒரு பரிசோதனை, தினமும் ஒரு மணி நடைப் பழக்கம், வனத்துறை அனுமதி. இதற்கெல்லாம் நாலு வருஷம் ஆகாது. "பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?" என்று வீட்டில் கேள்வி வரும். பிள்ளையின் அப்பா எதற்கு இருக்கிறாராம்?