பயனாளர் எனப்படுவோர் யாவர்?

ஒரு நூலை விலைகொடுத்து வாங்கியவர் அதனைத் தாமும் படிக்கலாம். வீட்டாருக்கும் அயலாருக்கும் படிக்கக் கொடுக்கலாம். எத்தனை பேர் படித்தனர் என்று பதிப்பாளர் பின்னர் வந்து கணக்குக் கேட்பதில்லை. பெரு நிறுவனங்களின் வழங்கிக் கணனிகளில் இயங்கும் மென்பொருளின் நிலை வேறு. அங்கே பணம் கொடுத்துப் பெறப்படுவது அதனைப் பயன்படுத்துவதற்கான அனுமதி மட்டுமே. அவ்வனுமதியும் பலவிடத்துத் தலைக்கு இவ்வளவு என்று எண்ணியே வழங்கப்படுகின்றது. ஆகவே, 'பயனாளர்' என்னும் சொல்லுக்குப் பொருள் யாது என்பது பெருந்தொகைப் பணத்தைத் தீர்மானிக்கும் வினாவாகிவிடுகின்றது.

மென்பொருள் தொடக்கந்தொட்டே இவ்வாறு விற்கப்பட்டதன்று. 1960களில் ஐ.பி.எம். நிறுவனம் தன் கணனிகளுக்கு வேண்டிய நிரல்களைத் தனிக் கட்டணமின்றிப் பொறியுடன் சேர்த்தே வழங்கிவந்தது. 1969 யூன் 23ஆந் திகதி, மென்பொருள்களுட் பலவற்றுக்கும் சேவைகளுக்கும் வேறாக விலை குறிக்கப்போவதாக அது அறிவித்தது. மென்பொருள் தனிப்பண்டமாகியதும், அதனை எவ்வாறு அளந்து விற்பது என்ற சிக்கல் எழுந்தது. நெல்லை மரைக்காலாலும் துணியை முழத்தாலும் அளக்கலாம். ஒரு பிரதி எடுப்பினும் ஓராயிரம் பிரதி எடுப்பினும் செலவு பெரிதும் மாறாத பொருளை எதனால் அளப்பது? பொறியை எண்ணலாம், பொறியின் ஆற்றலை எண்ணலாம், அன்றேல் ஆளை எண்ணலாம்.

ஆளை எண்ணும் முறையிலே நியாயம் உண்டென்பதை மறுத்தல் இயலாது. மென்பொருளின் செலவிற் பெரும்பங்கு அதனை முதன்முதலில் எழுதுவதிலும் பின்னர் திருத்திவருவதிலும் அடங்கியுள்ளது. அச்செலவைப் பயன்பெறுவோர் அனைவரும் பகிர்ந்துகொள்ளவேண்டுமாயின், பத்துப்பேர் தொழில்புரியும் கம்பனியும் பதினாயிரம் பேர் தொழில்புரியும் கம்பனியும் ஒரே தொகையைக் கொடுத்தல் முறையாகாது. பயனடைவோர் தொகைக்கேற்ற கட்டணம் என்பது எளிதில் விளங்குவதும் முன்கூட்டியே கணக்கிடத்தக்கதுமான ஒழுங்காகும்.

எனினும், நடைமுறையில் இவ்வொழுங்கு அத்துணை எளிதாக இல்லை. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் சேவர் இதற்குத் தக்க சான்றாகும். வழங்கியில் அதனை நிறுவுவதற்கு ஓர் அனுமதி வேண்டும்; அவ்வழங்கியை அணுகுவதற்கு வேறு அனுமதிகள் வேண்டும். 2003ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இவ்வணுகல் அனுமதிகள் ஆளுக்குரியன, கருவிக்குரியன என இருவகைப்பட்டன. முன்னையதைப் பெற்றவர் எத்தனை கருவிகளிலிருந்தும் வழங்கியை அணுகலாம். பின்னையதைப் பெற்ற கருவியை எத்தனை பேரும் மாறிமாறிக் கையாளலாம். தாதியர் 300 பேர் 100 கணனிகளை முறைவைத்துப் பயன்படுத்தும் வைத்தியசாலை ஒன்றை எடுத்துக்கொள்க. ஆளை எண்ணின் 300 அனுமதிகள் வேண்டும்; கருவியை எண்ணின் 100 போதும். மாறாக, அலுவலகத்தில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் கையில் ஒன்றுமாக மூன்று கருவிகளை வைத்திருக்கும் விரிவுரையாளருக்கு ஆளை எண்ணும் முறையே சிக்கனமானது. இடையிலே வேறொரு நிரலை நிறுத்தி, ஆயிரம் பேரின் வேண்டுகோள்களை ஒரே வாயிலால் அனுப்பினும் எண்ணிக்கை குறையாது என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. வாயிலுக்கு அப்பால் நிற்கும் ஒவ்வொருவரும் எண்ணப்படுவர்.

ஆளும் கருவியும் போலவே காலமும் அனுமதிக்கு எல்லையாகின்றது. 2016ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் பெற்ற அணுகல் அனுமதி, 2019ஆம் ஆண்டுப் பதிப்பு இயங்கும் வழங்கிக்குச் செல்லாது. புதியதற்குப் பெற்றதோ பழையதற்கும் செல்லும். வழங்கி ஒன்றைப் புதுப்பிக்கும் நிறுவனம், அதனை அணுகும் அனைவருக்கும் அனுமதிகளைப் புதிதாகப் பெறவேண்டியதாகின்றது. அதைத் தவிர்க்க விரும்புவோர், புதிய பதிப்புகளுக்கான உரிமையைத் தரும் தொடர்கட்டணத் திட்டத்திற் சேர்ந்திருத்தல் வேண்டும். முன்னர், பழைய பதிப்பை வைத்திருந்த நிறுவனங்கள் குறைந்த விலையிற் புதியதற்கு மாற இடமிருந்தது. 2001இல் அறிவிக்கப்பட்டு 2002இல் நடைமுறைக்கு வந்த மாற்றங்களால், மொத்தமாக அனுமதி பெறும் நிறுவனங்களுக்கு அவ்வழி அடைக்கப்பட்டது.

பழையதே போதும் என்றிருத்தலும் எளிதன்று. ஆதரவுக் காலம் முடிந்ததும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடுகின்றன. விண்டோஸ் என்.ரி. 4 பதிப்புக்கு இந்நிலை நெருங்கிய வேளையிலேயே, ஜேர்மனியின் மியூனிக் நகரசபை 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தது. ஏறத்தாழ 15,000 கணனிகளைத் தழுவிய அப்பணி 2013இலேயே நிறைவெய்தியது. 2017இல் அதே சபை விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. கட்டற்ற மென்பொருளில் தலையெண்ணிக் கட்டணம் வாங்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆயினும், பழகிய முறைகளையும் பிறரோடு பரிமாறும் கோப்புகளையும் விட்டு நீங்குதல் அரிது என்பதை அந்நகரின் அனுபவம் காட்டுகின்றது.

பயனாளர் யார் என்னும் வினா நீதிமன்றம் வரை சென்றமையும் உண்டு. கின்னஸ், ஜோனி வோக்கர் முதலிய பானங்களை விற்கும் டியாஜியோ நிறுவனம், ஜேர்மனிய நிறுவனமாகிய எஸ்.ஏ.பி.யின் மென்பொருளை 2004ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்றின்கீழ்ப் பயன்படுத்திவந்தது. பெயர் குறித்த பயனாளர்களின் எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் என்பது ஏற்பாடு. முன்னர் வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் அழைத்துப் பானங்களுக்குக் கட்டளை கொடுத்தனர். அழைப்பை ஏற்ற ஊழியர் அதனை மென்பொருளிற் பதிந்தார். பின்னர் டியாஜியோ, சேல்ஸ்போஸ் தளத்திலே புதிய செயலிகளை அமைத்து, வாடிக்கையாளர் தாமே இணையவழியாகக் கட்டளை பதிய வழிசெய்தது. அக்கட்டளைகளும் ஈற்றில் எஸ்.ஏ.பி. மென்பொருளையே சென்றடைந்தன. ஒப்பந்தத்தில் 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' அணுகுவோர் பற்றிய வாசகம் இருந்தது. அதனைக் காட்டி எஸ்.ஏ.பி. 5 கோடியே 40 இலட்சம் பவுணுக்கு மேல் கோரியது. மென்பொருள்களை இணைக்கும் வாயிலுக்கெனத் தனிக் கட்டணம் செலுத்தியிருப்பதால் வேறொன்றும் வேண்டியதில்லை என்று டியாஜியோ வாதித்தது. 2017 பெப்ரவரியில் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்து, அவ்வாறு கட்டளை பதிந்தோரும் மென்பொருளை மறைமுகமாகப் பயன்படுத்தினர் எனத் தீர்ப்பளித்தது.

இங்கு ஒன்று நோக்கற்பாலது. தொலைபேசியில் பேசிய வாடிக்கையாளரும் இணையத்தில் பதிந்த வாடிக்கையாளரும் கேட்ட பொருள் ஒன்றே. முன்னவர் பயனாளர் அல்லர், பின்னவர் பயனாளர். இடையே நின்ற ஊழியரின் கைகள் நீங்கியதொன்றே வேறுபாடு. 2004இல் ஒப்பந்தம் எழுதப்பட்டபோது, வாடிக்கையாளர் தாமே வந்து பதியும் நாளை அதன் வாசகங்கள் தெளிவாகக் குறிக்கவில்லை. தெளிவின்மையின் பாரம் வாங்கியவர்மீது விழுந்தது.

தலையெண்ணும் அளவுகோல் தளர்ந்துவிட்டமையை விற்பனையாளரும் உணர்ந்தனர். 2018இல் எஸ்.ஏ.பி. நிறுவனம் மறைமுகப் பயன்பாட்டுக்கு ஆளை விடுத்து, உருவாகும் ஆவணங்களை எண்ணும் முறையொன்றை அறிமுகஞ்செய்தது. ஒறக்கிள் நிறுவனத்தின் விதிகளோ, மனிதரால் இயக்கப்படாத கருவிகளையும் பயனாளர் கணக்கிற் சேர்க்கின்றன. நிரல்களே நிரல்களோடு உரையாடும் காலத்தில், மனிதரை எண்ணுவதால் மட்டும் பயனை அளத்தல் இயலாது.

விலை கூடியதா குறைந்ததா என்பதனினும் பாரதூரமானது, அளவுகோல் எவர் கையில் உள்ளது என்பதாகும். மரைக்கால் விற்பவருடையதாயினும், அதன் கொள்ளளவு வாங்குபவர்க்கும் தெரிந்ததே. மென்பொருள் ஒப்பந்தத்திற் கைச்சாத்திடும் பல்கலைக்கழகமோ வைத்தியசாலையோ நகரசபையோ மூன்று வினாக்களுக்கு எழுத்தில் விடைபெறுதல் வேண்டும். எண்ணப்படுவது யார் அல்லது எது? வேறொரு நிரலின் வழியாக வருவோர் எவ்வாறு கணிக்கப்படுவர்? புதிய பதிப்பு வரும்போது பழைய அனுமதிக்கு என்ன மதிப்பு? இவற்றைக் கைச்சாத்துக்கு முன் கேட்பது நிருவாகிக்குரிய கடமை. பின்னர் கேட்டால், விடைகூறுவது நீதிமன்றமாக இருக்கும்.