பழம்பாட்டும் புதுக்குரலும்

பழைய பாட்டை மாற்றிப் பாடலாமா என்ற வழக்கு நம் இல்லங்களில் அடிக்கடி எழுவதுண்டு. அவ்வேளைகளில், நாம் பெரிதும் விரும்பும் யூபி40 குழுவினரையே சான்றாக அழைப்போம்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 1978-ல் தோன்றிய குழு அது. வேலையற்றோர் உதவித்தொகைக்குரிய அரசாங்கப் படிவத்தின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டனர். ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்து குடியேறியோர் வாழ்ந்த பகுதிகளில் ரெகே இசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். இளமையில் கேட்ட பாட்டுக்கள் பத்தினைத் தம் முறையில் புதுக்கி, 1983-ல் ‘லேபர் ஆஃப் லவ்’ என்னும் இசைத்தட்டாக வெளியிட்டனர். ஊதியம் கருதாது அன்பினால் செய்யும் உழைப்பு என்பது அப்பெயரின் பொருள்.

அதிலுள்ள ‘ரெட் ரெட் வைன்’ பாட்டின் பயணம் வியப்புக்குரியது. அமெரிக்கரான நீல் டைமண்ட் அதை இயற்றி, 1967-ல் சோகம் ததும்பப் பாடினார். 1969-ல் டோனி டிரைப் என்ற ஜமைக்கப் பாடகர் அதனை ரெகே ஆக்கினார். பர்மிங்ஹாம் இளைஞர் செவியில் விழுந்தது இதுவே. ஆதலின் ஜமைக்கப் பாட்டென்றே நம்பியிருந்தனர். அவர்கள் குரலில் அது 1983-ல் பிரிட்டனிலும், 1988-ல் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது. பின்னர் நீல் டைமண்டே தம் மேடைகளில் ரெகே நடையில் அதைப் பாடலானார். வேற்றூர் உடையில் வந்த மகளைத் தாய்வீடு வரவேற்றது போலும்!

ஆகவே, பாட்டி பாடிய தாலாட்டை நம் பிள்ளைகள் கிதாரில் மீட்டினால் முகம் சுளியாதிருப்போம். தாளம் மாறுவதில் இழப்பில்லை. பாடுவாரின்றி ஒழிவதே இழப்பு. அது யார் பாட்டு, எவ்வூரிலிருந்து வந்தது என்பதை மட்டும் அருகமர்ந்து சொல்லி வைப்போம்.