கரி படிந்த பிளக்

பழைய ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய கையோடு வீசியெறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ஹெட்டைப் பிரிக்காமல், இன்ஜினுக்குள் நடப்பதை நமக்குக் காட்டுவது அதன் முனைதான். இளம்பழுப்பாக இருந்தால் எரிப்பு சரி. உலர்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் கூடுகிறது, அல்லது காற்று குறைகிறது. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால், பெரும்பாலும் ரிங் தேய்ந்து ஆயில் மேலே ஏறுகிறது. வெளுத்துப்போயிருந்தால் சூடு மிஞ்சுகிறது. அதுதான் ஆபத்து, பிஸ்டனையே பதம் பார்த்துவிடும்.

எங்கள் பக்கம் கறுப்புதான் அதிகம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்காலைகள், ரோலிங் மில்கள். கவரைப்பேட்டை வழியாகப் போகும் ஜி.என்.டி. சாலையில் இரவும் பகலும் லாரி. ஷிஃப்டுக்குப் போய்வரும் வண்டிகள் அந்தத் தூசியைத்தான் குடிக்கின்றன. ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டால், கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் தூக்கலாகி பிளக் கருத்துவிடும். வண்டி மிஸ் அடிக்கும். காலையில் உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்துபோகும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபின் புது வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், அளவைச் சென்சார் பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் கம்பெனி கேட்டுக்கு வெளியே பழைய ஸ்பிளெண்டர்களுக்கும், ஆயில் கலந்து ஓடும் டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்எல்களுக்கும் குறைவில்லை.

மோட்டார் சைக்கிள் இந்த மண்ணுக்குப் பழகியதுதான். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்தது. 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேரும்வரை அந்த ஊரும் எங்கள் திருவள்ளூர் மாவட்டம்தான். பழைய புல்லட்டில் பிளக் மரை 14 மில்லிமீட்டர், ஸ்பிளெண்டரில் 10. ஒன்றின் ஸ்பேனர் மற்றதற்குச் சேராது. அந்தந்த வண்டிக்குரியதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்ஜின் ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். ஹெட் அலுமினியம், சூட்டில் திருகினால் மரை போய்விடும். கேப்பை உருவியதும் அவசரப்படக் கூடாது. பிளக்கைச் சுற்றி மணலும் இரும்புத்தூளும் உட்கார்ந்திருக்கும்; அப்படியே கழற்றினால் அவ்வளவும் சிலிண்டருக்குள் விழும். சைக்கிள் பம்பால் ஊதிவிட்டாலே போதும். புதுப் பிளக்கின் இடைவெளியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நிறைய வண்டிகளுக்கு அது 0.7 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். பிறகு முதல் சுற்றுகளை விரலாலேயே ஏற்ற வேண்டும். மரை சரியாகப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும், கோணலானால் உடனே முரண்டும். விரலுக்குத் தெரியும் இந்த வித்தியாசம் ஸ்பேனரின் நீளக் கைப்பிடியில் தெரியாது. பிளக் முழுதும் உட்கார்ந்த பின், புது வாஷர் நசுங்கும் அளவுக்கு ஸ்பேனரால் அரைச் சுற்று. அதற்கு மேல் பலம் காட்டினால், நூறு இருநூறில் முடிகிற வேலை ஆயிரங்களுக்குப் போகும்.

கருத்த பிளக்கை மாற்றியவர் அன்றைக்கே ஏர் ஃபில்டரையும் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பிளக்கும் கருக்கும். பழையது பீங்கான் விரியாமல், முனை தேயாமல் இருந்தால், கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியில் சுற்றி, ஸ்பேனரோடு வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது வண்டி நின்றால், அந்நேரத்துக்கு எந்த மெக்கானிக் கடையும் திறந்திருக்காது.