பட்டுப்பாவாடை வேஷமா?

ஜெர்மனியின் கொலோன் நகரில் கார்னிவல் பருவம் நவம்பர் 11 அன்று காலை 11 மணி 11 நிமிடத்துக்குத் தொடங்குகிறது. ஆனால் ஊருக்கு உண்மையில் பித்துப் பிடிப்பது தவக்காலத்துக்கு முந்தைய வாரத்தில்தான். திருநீற்றுப் புதனுக்கு முந்தைய வியாழன், குழந்தைகள் வேஷம் போட்டு வரவேண்டும் என்று எங்கள் ஐந்து வயது மகளின் மழலையர் பள்ளியிலிருந்து சீட்டு வந்தது.

"உங்களுக்கென்ன கவலை? இந்திய உடையில் அனுப்புங்களேன், எவ்வளவு அழகு!" என்றார் பக்கத்து வீட்டுப் பெண்மணி. நல்லெண்ணத்தோடுதான். என் மனைவியின் முகம் மாறிவிட்டது. பாட்டி அனுப்பிய அரக்கு நிறப் பட்டுப்பாவாடை பொங்கலுக்குக் கட்டுவது. கடற்கொள்ளைக்காரன் தொப்பிக்கும் சூனியக்காரி மூக்குக்கும் நடுவே அதுவும் ஒரு வேஷமா?

இந்தக் கேள்வி ஜெர்மானியர்களுக்கும் புதிதல்ல. அவர்கள் மொழியில் நாம் 'இண்டர்', அமெரிக்கப் பழங்குடியினர் 'இண்டியானர்'. இறகு செருகிய இண்டியானர் வேஷம் அங்கே தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் செல்லம். 2019ல் ஹாம்பர்கில் ஒரு மழலையர் பள்ளி அதைத் தவிர்க்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்ள, நாடு முழுவதும் சர்ச்சை கிளம்பியது.

எங்கள் வீட்டுச் சர்ச்சையைத் தொலைபேசியில் கேட்ட மாமியார் சிரித்தார். "இவளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, கொண்டை போட்டு, ஆண்டாள் வேஷத்தில் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினோமே, மறந்துவிட்டாளா?" மனைவி பதில் சொல்லவில்லை. மகளோ பொறிவண்டுதான் வேண்டும் என்றாள். உள்ளே ஸ்வெட்டர் போட இடம் வேண்டுமே என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினோம்.

அந்த வியாழன் பெண்களின் ராஜ்யம். கத்தரிக்கோலோடு திரிந்து, அகப்படும் ஆண்களின் டையை வெட்டிவிடுவார்கள். பாதி டையோடு வீடு திரும்பினேன். இழப்பீடாகக் கன்னத்தில் ஒரு முத்தம் தருவது மரபு. அந்த விவரத்தை வீட்டில் சொல்லவில்லை.

திங்களன்று ஊர்வலம். 1823ல் முறைப்படி தொடங்கியது. கொட்டும் குளிரில் மணிக்கணக்கில் வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. மேலிருந்து மிட்டாய் மழை. சுமார் 300 டன் என்கிறார்கள். "கமெல்லே!" என்று கத்தினால் நம் பக்கம் வீசுவார்கள். பொறிவண்டின் தொண்டை கட்டிப்போனது.

தலைப்பாகையும் ஒட்டுமீசையுமாக மகாராஜாக்கள் கூட்டம் ஒன்று ஆடிக்கொண்டு வந்தது. நான் கொஞ்சம் பயத்தோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். மகாராஜா வீசும் சாக்லெட்டைப் பிடிக்க, அவள் குடையைத் தலைகீழாக விரித்துக்கொண்டிருந்தாள்.