யார் கண்ணுக்கு யார் கையெழுத்து?

போன மாதம் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன். இலவச முகாமில் கொடுத்த சீட்டோடு நான்தான் துணைக்குப் போனேன். நர்ஸ் ஒரு படிவத்தை என்னிடம் நீட்டினார். "அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே போட்டுடுங்க சார்."

பேனாவை வாங்கிய கை நின்றுவிட்டது.

1998இல் இப்படித்தான் என் ஆத்தாவுக்காகக் கையெழுத்துப் போட்டேன். "கண் அழுத்த நோயால் பார்வை நரம்பு கெட்டுவிட்டது. புரையை எடுத்தாலும் பெரிதாகப் பலன் இருக்காது" என்று டாக்டர் வராந்தாவில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னார். வயசான மனுஷி பயப்படுவாள் என்று நான் மறைத்துவிட்டேன். கட்டு அவிழ்த்த அன்று ஆத்தா ஆசையாகக் கண்ணைத் திறந்தாள். எல்லாம் கலங்கல். காரைக்குடிக்குத் திரும்பியபின் வளவுத் தூணைத் தடவிக்கொண்டே ஒருநாள் கேட்டாள்: "முன்னயே சொல்லியிருந்தா மனசத் தேத்திக்கிட்டிருப்பேனேப்பா?" என்னிடம் பதில் இல்லை.

தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றபின்தான் சட்டச் செய்திகளை ஊன்றிப் படித்தேன். சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகள் மயக்கத்தில் இருந்தபோது, அவர் அறியாத ஓர் ஆபரேஷனுக்குத் தாயிடம் சம்மதம் வாங்கியிருந்தார்கள். உயிர் போகும் அவசரம் இல்லாதபோது, வயது வந்தவருக்குப் பதிலாகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். என்ன சிகிச்சை, என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதை நோயாளிக்கே விளக்க வேண்டும் என்றும் சொன்னது.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். "சும்மா செய்யறவுககிட்ட என்னத்தண்ணே கேக்குறது?" என்றார். அதற்கும் பதில் இருக்கிறது. சிலரிடம் காசு வாங்கி, ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையில் இலவச நோயாளியும் நுகர்வோரே என்று 1995இல் வி.பி.சாந்தா வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது.

நர்ஸிடம் தணிவாகக் கேட்டேன். இளம் டாக்டர் ஒருவர் வந்து அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்தார். எந்தக் கண், உள்ளே என்ன லென்ஸ், அபூர்வமாகக் கிருமி தொற்றினால் என்ன ஆகும் என்று தமிழில் விளக்கினார். சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதித்திருப்பதால் பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அக்கா சற்று யோசித்தார். "பஸ்ஸு நம்பரு தெரிஞ்சாப் போதும் சார். செய்யுங்க."

அவரே கைநாட்டு வைத்தார். நான் சாட்சிக்கு மட்டும் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது பஸ் கொஞ்சம் கிட்டே வந்தால் நம்பர் தெரிகிறதாம். மற்ற கண்ணுக்கு எப்போது என்று அவரே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

நம் வயதில் புரை இல்லாதவர் குறைவு. பிள்ளைகள் பேனாவை எடுக்கும்போது, "எனக்குச் சொல்லச் சொல்லுப்பா" என்று கேளுங்கள். ஆத்தா கேட்காமலே நான் சொல்லியிருக்க வேண்டும்.