தம்பிக்கு, மீட் கவுண்டியிலிருந்து

ஸ்டர்ஜிஸ், தெற்கு டகோட்டா

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. வேலையில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே வெள்ளச் சேதக் கணக்கெடுப்புக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். "செத்த மாட்டை எண்ணவா கால்நடை மருத்துவம் படித்தேன்?" என்று கேட்டிருந்தாய். அதுவும் நம் வேலைதான்டா. 2013 அக்டோபரில் இங்கே நடந்ததைக் கேள், உனக்கே புரியும்.

அந்த மாதத் தொடக்கத்தில் 'அட்லஸ்' பனிப்புயல் அடித்தது. மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சலில்தான் நின்றன. குளிர்கால ரோமம் முளைக்கவில்லை. முதலில் மழையில் தோல்வரை நனைந்தன, பிறகு பனியும் சூறைக்காற்றும். காற்றுக்கு முதுகைக் காட்டி மைல் கணக்கில் நடந்து, ஓடைப் பள்ளங்களிலும் வேலியோரங்களிலும் விழுந்து செத்தன. மாநிலத்தின் மேற்குப் பகுதியில் மட்டும் பல்லாயிரம் மாடுகள் போயின. அவற்றில் எத்தனையோ சினை மாடுகள்.

உதவி கேட்கப் போனால் கவுண்டியின் பண்ணைச் சேவை அலுவலகம் பூட்டிக் கிடந்தது. வாஷிங்டனில் பட்ஜெட் தகராறு. மத்திய அரசு அலுவலகங்கள் அக்டோபர் 16 வரை முடங்கின. திறந்திருந்தாலும் பயனில்லை. இறந்த கால்நடைக்கு ஈடு தரும் திட்டமே 2011 செப்டம்பரோடு காலாவதியாகியிருந்தது. புதிய விவசாயச் சட்டம் நாடாளுமன்றத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது. முதலில் கைகொடுத்தவர்கள் சக பண்ணைக்காரர்கள்தான். மொன்டானாவிலிருந்தெல்லாம் தங்கள் மந்தையிலிருந்தே கிடேரிகளைக் கொடுத்தார்கள்.

பெரியவர் ஒருவர், சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்னக் குறிப்பேட்டோடு பள்ளத்தில் இறங்கினார். ஒவ்வொரு மாட்டின் காதிலும் பனியைத் துடைத்து, காதுவில்லை எண்ணைப் படித்து, குறிப்பேட்டில் அந்த எண்ணை அடித்தார். நான் படம் எடுத்தேன், சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். "வராத பணத்துக்கு எதற்கம்மா கணக்கு?" என்றார். ஆனாலும் ஒன்றைக்கூட விடவில்லை.

2014 பிப்ரவரியில் சட்டம் நிறைவேறியது. திட்டம் நிரந்தரமானது, 2011 அக்டோபர் முதல் நேர்ந்த இழப்புகளுக்கும் செல்லும் என்றார்கள். ஏப்ரல் 15 முதல் விண்ணப்பம் வாங்கினார்கள். சந்தை மதிப்பில் 75 சதவீதம் ஈடு. அன்று அந்தக் குறிப்பேடுதான் பெரியவருக்குக் கைகொடுத்தது. படமும் சாட்சியும் இல்லாமல் அவசரமாகப் புதைத்தவர்கள், தங்களிடம் மாடு இருந்ததையே நிரூபிக்க அலைந்தார்கள். வயிற்றுக் கன்றுக்கு அப்போது ஒரு காசும் இல்லை. 2025இல்தான் அதுவும் சட்டத்தில் ஏறியது.

இங்குள்ளவர்கள் அரசிடம் கை நீட்டக் கூசுவார்கள். இந்த ஈடு பிச்சை இல்லை என்று நான் சண்டையே போட்டிருக்கிறேன். பயிர் வைப்பவனுக்கு 1938லிருந்து அரசுக் காப்பீடு இருக்கிறது. மந்தை வளர்ப்பவன் மட்டும் ஒரே இரவில் கடனாளியாக வேண்டுமா? ஆபத்து வந்த பிறகு இரக்கப்பட்டுத் தருவதைவிட, வருவதற்கு முன்பே சட்டத்தில் எழுதி வைப்பதுதான் நியாயம். அந்தச் சட்டமும் நீ எழுதும் கணக்கை வைத்துத்தான் பணம் தரும்.

அதனால் குத்துமதிப்பாக எழுதாதே. உரிமையாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணு. சினையா, கறவையா, கன்றா என்று தனித்தனியாகக் குறி. எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, ஒரு பிரதி அவர் கையில் கொடு. மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல். கணக்கெடுப்பு முடிந்ததும் எழுது.

அன்புடன்,
அக்கா